புறக்கோட்டையில் ஒரு பழைய கட்டடத்தைக் காப்பாற்றப் புறப்படுகிறவர்களுக்கு

கொழும்பின் புறக்கோட்டையில் ஒரு பழைய கட்டடம் அழிவதற்குப் புல்டோசர் வேண்டியதில்லை. கூரைப் பீலியில் ஓர் அடைப்பு, காணி உறுதியில் ஒரு தீராத வழக்கு, சுவரில் நாலைந்து மூடை சீமெந்து. இந்த மூன்றும் சேர்ந்தால் இருபது வருடங்களில் காரியம் முடிந்துவிடும். புல்டோசர் கடைசியில் வருவது குப்பை அள்ளத்தான்.

பாட்டனார் வைத்திருந்த கடையில் எட்டில் ஒரு பங்கு கைக்கு வந்து, அதை என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்கள் உண்டு. தலைமுறை தலைமுறையாக வாடகைக்கு இருந்து வியாபாரம் செய்பவர்கள் உண்டு. சொந்தமும் இல்லை, வாடகையும் இல்லை, இந்தத் தெருக்கள் மீது ஒரு பிரியம் மட்டும் உள்ள மாணவர்களும் இளைஞர்களும் உண்டு. மூவருக்கும் பொதுவாகவே இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வியாபாரத்தை வெளியேற்றிவிட்டுக் கட்டடத்தைக் காப்பாற்றும் திட்டம் எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. புறக்கோட்டையின் சுவர்கள் இவ்வளவு காலம் நின்றதே உள்ளே யாரோ ஒருவர் காலையில் கதவைத் திறந்து, மாலையில் பூட்டிக்கொண்டிருந்ததால்தான்.

முதலில் நடந்து பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணியளவில் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்குங்கள். வார நாட்களில் புறக்கோட்டையில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது; நிமிர்ந்தால் சுமை ஏற்றி இறக்கும் நாட்டாமையின் தள்ளுவண்டி முழங்காலில் இடிக்கும். ஞாயிறன்று பெரும்பாலான மொத்தக் கடைகள் பூட்டியிருக்கும். அப்போதுதான் மேல்மாடிகள் கண்ணில் படும். கீழ்த்தளம் எல்லாம் கண்ணாடியும் இரும்புச் சுருள் கதவுமாக மாறிவிட்டது. கட்டடத்தின் வயதைச் சொல்வது மேலே இருக்கும் பகுதிதான்.

பிரதான வீதியின் வாயிலில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம் 1923இல் கான் என்ற பார்சிக் குடும்பத்தார் கட்டியது. அங்கிருந்து இரண்டாம் குறுக்குத் தெருவுக்குப் போனால் சிவப்பும் வெள்ளையுமாகச் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல். 1908இல் தொடங்கி 1909இல் முடித்தார்கள். வரைபடம் தந்த ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை முறையாகக் கட்டடக்கலை படித்தவர் அல்லர். தென்னிந்திய வியாபாரிகள் காட்டிய படங்களைப் பார்த்துத்தான் வரைந்தார் என்பார்கள். இன்று கொழும்புக்கு வருகிற உல்லாசப் பயணி ஒருவர் தவறாமல் படம் எடுக்கும் கட்டடம் அதுதான். அங்கிருந்து இளவரசர் வீதியில் உள்ள ஒல்லாந்தர் அருங்காட்சியகத்துக்கு வாருங்கள். 1692 முதல் 1697 வரை ஆளுநராக இருந்த தோமஸ் வான் ரீயின் வீடு அது. 1982இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. முன்னால் தூண் வரிசை, நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றி விறாந்தை. புறக்கோட்டை ஒரு காலத்தில் வீடுகளின் ஊராக இருந்தது என்பதை இந்த ஒரு கட்டடம் போல வேறெதுவும் காட்டாது. பின்னால் கடைகளாக மாறிய கட்டடங்களின் உள்ளமைப்பு பலவற்றிலும் இதே முற்றம் ஏதோ ஒரு வடிவில் ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கக் கண்ணைப் பழக்க வேண்டும் என்றால் இங்கே அரை மணி நேரம் நின்றாலே போதும்.

பிறகு 1873இல் கட்டப்பட்ட பழைய நகர மண்டபம், கெய்மன் வாசலின் மணிக்கூண்டு, அதற்கு மேலே மேட்டில் 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட வொல்பெண்டால் தேவாலயம், கடைசியாகச் செட்டியார் தெருவின் கதிரேசன் கோயில்கள். ஒரு காலைப் பொழுதுக்கு இது தாராளம்.

நடக்கும்போது கையில் ஒரு குறிப்பேடு வைத்திருங்கள். எந்தக் கட்டடத்தின் நெற்றியில் ஆண்டு பொறித்திருக்கிறது, எந்த யன்னலுக்கு மேல் பழைய மரச் சல்லடை மிஞ்சியிருக்கிறது, எந்தச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது, எங்கே மழைநீர் வழிந்த கறுப்புக் கோடு இருக்கிறது. வரி இலக்கத் தகடு தெரிந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்ப்புறம் நேராக நின்று ஒரு படம். அழகான கோணம் எல்லாம் வேண்டாம். பத்து வருடம் கழித்து உதவப்போவது நேராக எடுத்த படம்தான்.

அடுத்து ஒரு வார நாளில், காலை பதினொரு மணிக்கு, அதே தெருக்களில் இன்னொரு முறை நடக்க வேண்டும். லொறி எங்கே நிற்கிறது, சாமான் எந்த வாசலால் உள்ளே போகிறது, மேல்மாடியில் ஆள் இருக்கிறார்களா, மூட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஞாயிறு நடையில் கட்டடம் தெரியும். இந்த நடையில்தான் அது எப்படிப் பிழைக்கிறது என்பது தெரியும்.

கட்டடம் யாருடையது?

பல நல்ல முயற்சிகள் இந்தக் கேள்வியில்தான் முட்டி நிற்கின்றன. கடையில் உட்கார்ந்திருப்பவர் உரிமையாளராக இருப்பார் என்று நினைக்க வேண்டாம். அவர் வாடகைக்காரராக இருக்கலாம். வாடகைக்காரரிடம் வாடகைக்கு இருப்பவராகவும் இருக்கலாம். உரிமையாளர் கனடாவிலும் லண்டனிலும் சென்னையிலுமாகப் பிரிந்து கிடக்கும் பன்னிரண்டு வாரிசுகளாக இருக்கலாம். பள்ளிவாசலுக்கு எழுதிவைத்த வக்பு சொத்தாகவோ கோயில் தர்மகர்த்தா சபையின் சொத்தாகவோ இருக்கலாம்.

காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதி எடுங்கள். மாநகர சபையில் சோலைவரி (ஆதனவரி) யார் பெயரில் கட்டப்படுகிறது என்று பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். சோலைவரிப் பற்றுச்சீட்டு உரிமைக்குச் சான்று ஆகாது, ஆனால் தேடத் தொடங்குவதற்கு அது ஒரு நுனி. பழைய உறுதி கையில் கிடைத்தால் நாலு எல்லைகளையும் நிதானமாக வாசியுங்கள். வடக்கே இன்னாருடைய கடை, தெற்கே ஒழுங்கை, கிழக்கே பெருந்தெரு என்று போகும். சில உறுதிகளில் பக்கத்துச் சுவர் இருவருக்கும் பொது என்றோ, மழைநீர் பக்கத்துக் காணியால் வடிய உரிமை உண்டு என்றோ ஒரு வரி இருக்கும். பின்னால் பீலி பிரச்சினை வரும்போது அந்த ஒரு வரி ஒரு வக்கீலுக்குச் சமம். இன்னும் பின்னால் போக வேண்டுமானால் ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள், அதாவது காணிப் பதிவேடுகள், கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் இருக்கின்றன. தொடங்குகிறவருக்கு அது அவசியமில்லை. ஆர்வம் இருந்தால் போய்ப் பாருங்கள், நேரம் போவது தெரியாது.

வாரிசுகள் பலர் என்றால், மற்றவர்கள் சார்பில் செயற்படும் அதிகாரத்தை, அதாவது அற்றோர்னித் தத்துவத்தை, அவர்களில் ஒருவருக்காவது எழுதி வாங்காமல் ஒரு செங்கல்லும் மாற்றக் கூடாது. இல்லாவிட்டால் வேலை பாதியில் இருக்கும்போது தடையுத்தரவு வரும். மூடியில்லாக் கூரையோடு வழக்கு முடியும்வரை காத்திருக்கும் கட்டடத்தின் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

வாடகையின் கதையும் தெரிந்திருக்க வேண்டும். பழைய குத்தகைகள் பல 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் பிடியில் இருப்பவை. கிடைக்கும் வாடகையில் ஓடு மாற்றக்கூட முடியாது என்பார் உரிமையாளர். செலவு செய்தால் அது தனக்கு மிஞ்சாது என்பார் வாடகைக்காரர். இருவர் சொல்வதும் நியாயம்தான். இடையில் நனைவது கட்டடம். கூரைச் செலவை வாடகைக்காரர் போட்டு, அதை இத்தனை வருட வாடகையில் கழிப்பது என்று நொத்தாரிசு முன் ஓர் எழுத்து செய்துகொண்டால் இந்த முடிச்சு பல இடங்களில் அவிழும். வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது

மூன்று வாசல்கள் இருக்கின்றன. தொல்பொருளியல் திணைக்களம், நகர அபிவிருத்தி அதிகார சபை, கொழும்பு மாநகர சபை.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் தேதியை ஒரு கோடாக வைத்திருக்கிறது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாள் அது. அதற்கு முற்பட்ட கட்டடங்கள் தொன்மைச் சின்னமாகக் கருதப்படும். பிற்பட்டவை வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டால் பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆகும். புறக்கோட்டையில் இன்று நிற்பவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலேயர் காலத்தவை. ஆகவே பழையது என்பதாலேயே சட்டம் காப்பாற்றும் என்று இருந்துவிட முடியாது. பட்டியலில் இல்லாத அழகான கட்டடம் ஒன்றை உரிமையாளர் நாளைக்கே இடிக்க விண்ணப்பிக்கலாம்.

உங்கள் கட்டடம் வர்த்தமானியில் உண்டா, நகர அபிவிருத்தி அதிகார சபையின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் உண்டா, வீதி எல்லைக்கோடு சுவரை வெட்டிக்கொண்டு போகிறதா என்ற மூன்று கேள்விகளையும் எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்கு நல்ல கருவி. தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கவுண்டரில் நின்று கேட்டால் கிடைப்பது ஒருவரின் அபிப்பிராயம். எழுதிக் கேட்டால் கிடைப்பது திணைக்களத்தின் பதில்.

வீதி எல்லைக்கோட்டை அலட்சியம் செய்ய வேண்டாம். வீதியை அகலப்படுத்த என்றோ வரைந்த கோடு முன்சுவருக்குள் விழுந்திருந்தால், இடித்துக் கட்டும்போது அத்தனை அடி பின்வாங்கித்தான் கட்ட வேண்டியிருக்கும். நிலம் குறையும். உரிமையாளரிடம் அழகைப் பற்றிப் பேசிப் பயனில்லாத இடத்தில் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். இருப்பதைப் பழுதுபார்த்தால் இருக்கிற பரப்பு அப்படியே நிற்கும் என்பது வியாபாரிக்கு உடனே புரியும்.

இன்னொன்று. பழைய கட்டடத்தை இடிக்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது 'பாதுகாப்பற்றது' என்று ஒரு கடிதம். கொம்பனித்தெருவின் அடையாளமாக ஒன்றரை நூற்றாண்டு நின்ற டி சொய்சா கட்டடம் 2021இல் இடிக்கப்பட்டபோது எழுந்த குரல்கள் எல்லாம் காலம் கடந்து எழுந்தவை. பழைய கட்டடங்களில் அனுபவமுள்ள பட்டயப் பொறியியலாளர் ஒருவரை அழைத்து, எது உறுதி, எது பலவீனம் என்று நீங்களே முன்கூட்டி எழுதி வாங்கிவிடுங்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பைப் படித்து வந்தவர்கள் இருக்கிறார்கள்; விசாரித்தால் கிடைப்பார்கள்.

தண்ணீர்

இனித்தான் வேலை. கையில் உள்ள பணம் ஒரு காரியத்துக்கு மட்டும் போதும் என்றால், அது கூரையாக இருக்கட்டும். முகப்புக்குப் பெயின்ட் அடித்துப் படம் எடுத்துப் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். மேலே ஒழுகிக்கொண்டிருக்கக் கீழே பெயின்ட் அடிப்பது மாநகர சபைத் தேர்தலுக்கு முன்னால் போடும் ரோடு போன்றது.

கொழும்பில் மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கும். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை கொட்டும். ஆகவே ஏப்ரலில் ஒரு முறை, செப்டெம்பர் கடைசியில் ஒரு முறை கூரைமேல் ஆள் ஏற்றிப் பீலிகளைத் துப்புரவு செய்யுங்கள். ஓடு பிரித்துப் போடும் பெரிய வேலை என்றால் ஜனவரி முதல் மார்ச் வரையிலான காய்ந்த மாதங்கள்தான் ஏற்றவை.

புறக்கோட்டைக் கடைகள் ஒட்டிப் பிறந்தவை. முகப்பு ஒடுக்கம், உள்ளே நீளம், பக்கத்துக்குப் பக்கம் பொதுச் சுவர். இரண்டு கூரைகள் சரிந்து வந்து சந்திக்கும் இடத்தில் ஒரு பள்ளப்பீலி ஓடும். நான் பார்த்தவரையில் நோய் தொடங்கும் இடம் அதுதான். காகம் கொண்டுவந்து போட்ட எலும்பு, பொலித்தீன் பை, பட்டத்தின் வால், எதுவாக இருந்தாலும் போதும்; தண்ணீர் தேங்கித் தகட்டின் ஓரத்தால் சுவருக்குள் இறங்கும். இறங்கும் இடத்தில் என்ன இருக்கிறது? மேல்மாடியைத் தாங்கும் தீராந்தியின், அதாவது மர உத்திரத்தின், தலை. தீராந்தியின் நடுப்பகுதி காற்றுப் படுவதால் நூறு வருடமானாலும் அப்படியே இருக்கும். சுவருக்குள் புதைந்த அந்த அரை அடிதான் சத்தமில்லாமல் உக்கிப்போகும். கீழேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பூச்சில் வெளிர்மஞ்சளாக ஒரு கறை மட்டும் இருக்கும்.

அந்தக் கறையைக் கண்டால் இப்படிச் செய்யுங்கள். தீராந்தி சுவருக்குள் நுழையும் இடத்தைச் சிறிய சுத்தியலால் தட்டுங்கள். நல்ல மரம் கணீரென்று கேட்கும், உக்கிய மரம் பொத்தென்று கேட்கும். பிறகு ஒரு கூரான ஊசியால் குத்துங்கள். கால் அங்குலத்துக்கு மேல் சிரமமில்லாமல் இறங்கினால் மரவேலை ஓடாவியைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது. முழுத் தீராந்தியையும் கழற்றச் சொல்கிறவரை அனுப்பிவிட்டு, உக்கிய தலையை மட்டும் வெட்டிப் பழைய தேக்கிலேயே ஒட்டுக் கொடுக்கத் தெரிந்தவரைத் தேடுங்கள். அப்படிப்பட்டவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். பழைய மரச்சாமான் திருத்தும் பட்டறைகளில் விசாரித்துப் பாருங்கள்.

அரசங்கன்று விஷயத்தில் நாள் கடத்தக் கூடாது. விரல் நீளத்தில் இருக்கும்போது வேரோடு எடுத்துத் தொட்டியில் நட்டு ஒரு கோயிலுக்கோ விகாரைக்கோ கொடுத்துவிடலாம், எல்லோருக்கும் திருப்தி. மரமாக வளர்ந்த பிறகு கைவைப்பது இந்த நாட்டில் மேசன் வேலையாக இருக்காது. வேரும் அதற்குள் சுவரைப் பிளந்திருக்கும்.

சீமெந்தை நிறுத்துங்கள்

பழைய சுவர்கள் கபுக் கல்லாலும் (செம்புறைக்கல்) மென்மையான செங்கல்லாலும் கட்டிச் சுண்ணாம்புச் சாந்து பூசியவை. அவை நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பூச்சின் வழியாக வெளியே விடும். சீமெந்து பூசியதும் வெளியேறும் வழி அடைபடுகிறது. ஈரம் உள்ளேயே மேலே ஏறும். கடற்காற்றின் உப்பும் சேர்ந்து, பூச்சுக்குப் பின்னால் செங்கல் மாவாக உதிரும். சில வருடங்களில் சீமெந்துப் பூச்சு பலகை போல ஒரே துண்டாகக் கழன்று விழும். உடனே மேசன் பாஸ், "ஐயா, சுவர் பழுது, இன்னும் கொஞ்சம் ஸ்ட்ரோங்காகப் பூசுவோம்" என்பார். நீங்கள் தலையாட்டாமல் இருந்தால் பாதி வெற்றி.

சுண்ணாம்புப் பூச்சுக்கு அவசரம் ஆகாது. முன்பு முருகைக்கல் சுட்டு எடுத்தார்கள். கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வது இன்று தடை. மாத்தளைப் பக்கத்துச் சூளைகளின் சுண்ணாம்பு கிடைக்கிறது. அது நீறுவதற்கு நேரம் எடுக்கும், ஆகவே தண்ணீரில் ஊறவைத்து வாரக் கணக்கில் மூடிவையுங்கள். நாள் செல்லச் செல்ல வெண்ணெய்ப் பதம் வரும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். கடல் மணல் என்றால் உப்புக் கழுவப்பட்டதா என்று கேட்டு மட்டும் விடாமல் நாக்கில் வைத்தே பாருங்கள். ஈரம் அதிகமான அடிச்சுவருக்குச் சலித்த செங்கல் தூள் சிறிது சேர்த்தால் நன்றாக இறுகும். பூசுமுன் சுவரை நனைக்க வேண்டும். ஒரு தடவையில் அரை அங்குலத்துக்கு மேல் பூசக் கூடாது. பூசியபின் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டு வெயில் படாமல் ஒரு கிழமையாவது காக்க வேண்டும். மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் இத்தனை பாடும் வீண். சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்க வேண்டும். வேண்டுமானால் காவியோ மஞ்சளோ கலந்துகொள்ளலாம்.

முழுச் சுவரிலும் முதல் நாளே கைவைக்காதீர்கள். பின்பக்கத்தில் ஆள் பார்க்காத ஓரிடத்தில் மூன்றடிச் சதுரம் பூசி ஒரு மழைக்காலம் போகவிட்டுப் பாருங்கள்.

உள்ளே

நடுமுற்றத்தைத் தகரம் போட்டு மூடிக் களஞ்சியம் ஆக்கியிருப்பார்கள். இடம் பொன்னாக விற்கும் தெருவில் அதைக் குறைசொல்லவும் முடியாது. ஆனால் வெளிச்சமும் காற்றும் வந்த ஒரே வழி அது. மூடிய நாளிலிருந்து கட்டடம் முழுவதும் புழுங்கத் தொடங்கியிருக்கும். தகரத்தை எடுக்கச் சம்மதிக்காவிட்டால், அதைச் சுவருக்கு மேல் இரண்டு அடி உயர்த்திப் பக்கங்களைத் திறந்துவிடுங்கள். மழை வராது, காற்று வரும்.

மின்கம்பிகளைத் தனியாக ஒரு மின்னியலாளரைக் கொண்டு பரிசோதியுங்கள். துணிக் கட்டும் அட்டைப்பெட்டியும் அடுக்கிய மரத்தளத்தில் ஒரு பழைய இணைப்புச் சூடேறினால் தெரு முழுவதும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மேல்மாடியில் சுமை ஏற்றுவதற்கும் ஓர் அளவு வேண்டும். ஒரு குடும்பம் படுத்து எழும்பப் போட்ட பலகைத் தளத்தில் செத்தல் மிளகாய் மூட்டையை முகடு வரை அடுக்கினால், தளம் நடுவில் தொய்வதை வெறுங்கண்ணால் பார்க்கலாம். பாரமானதைக் கீழே இறக்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் சுவரோரமாக அடுக்கச் சொல்லுங்கள்.

முகப்பும் பெயர்ப்பலகையும்

அலுமினியத் தகட்டுக்கும் பெரிய ஃபிளெக்ஸ் பலகைக்கும் பின்னால் முகப்பு பல இடங்களில் அப்படியே இருக்கிறது. கடைக்காரரிடம் பலகையை எடு என்றால் சண்டைதான் வரும். சின்னதாக்கு என்று கேட்டுப் பாருங்கள். கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் இடையில் ஓடும் பட்டையில் மூன்று மொழியிலும் கையால் எழுதிய பலகை, இரவில் மேலிருந்து விழும் ஒரு விளக்கு. செட்டியார் தெருவின் நகைக்கடைகளில் ஒன்றிரண்டு இப்படிச் செய்தால் மற்றவர்கள் தாமாகவே பின்தொடர்வார்கள். அந்தத் தெருவில் போட்டி அப்படி. ஆணி அடிக்கும்போது செங்கல்லில் அடிக்காமல் இரண்டு கல்லுக்கு நடுவில் சாந்தில் அடிக்கச் சொல்லுங்கள். குளிரூட்டியின் வெளிப்பெட்டி பின்சுவருக்குப் போகட்டும்.

தெருவை உயிரோடு வைத்திருப்பது

ஒரு கட்டடத்தைத் தனியே காப்பாற்ற முடியாது. பொதுச் சுவர் என்பதால் ஒன்றை இடித்தால் பக்கத்தில் உள்ளது தளரும்; ஒன்றின் பீலி அடைத்தால் இரண்டும் நனையும். ஆகவே வரிசையாக எட்டு, பத்துக் கடைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் எங்கிருந்து வரும்? புறக்கோட்டையில் சீட்டுப் பிடிக்காத வியாபாரி அரிது. அதே முறையில் ஒரு கூரைச் சீட்டு தொடங்கலாம். முதல் தொகை குலுக்கலில் விழுபவருக்கு அல்ல, அடுத்தவர் சுவருக்கு அதிகம் ஒழுகவிடும் கூரைக்காரருக்கு. இதில் எல்லோருக்கும் சுயநலம் இருப்பதால் நடக்கும்.

வெளிநாட்டு உதவியையும் அரசாங்கத் திட்டத்தையும் எதிர்பார்த்து உட்கார வேண்டாம். கோட்டையில் ஒல்லாந்தர் மருத்துவமனை 2011இல் திருத்தித் திறக்கப்பட்டது. ஒல்லாந்தர் காலத்துத் தடித்த சுவர்களையும் தேக்குத் தீராந்திகளையும் இரண்டு முற்றங்களையும் மறைக்காமல் உணவகங்களும் கடைகளும் நடத்துகிறார்கள். வேலை நேர்த்தியானது, மாலை நேரத்தில் போய் உட்கார நல்ல இடம். ஆனால் அது அரசுக்குச் சொந்தமான ஒரே வளவு, உள்ளே வெளியேற்ற வேண்டிய ஆயிரம் வியாபாரிகள் இல்லை. அதே அச்சைப் புறக்கோட்டையின் கெய்சர் வீதியில் வைத்து அழுத்தினால் கோப்பிக் கடை மிஞ்சும், கெய்சர் வீதி மிஞ்சாது. காலிக் கோட்டை 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. வீடுகள் அழகாகத் திருத்தப்பட்டன, ஆனால் பல வீடுகளில் முன்பு குடியிருந்தவர்கள் இப்போது இல்லை. இரண்டையும் போய்ப் பார்த்துவிட்டு வந்து உங்கள் தெருவைப் பற்றி யோசியுங்கள்.

என் பார்வையில் புறக்கோட்டைக்கு வேண்டியது மேல்மாடிகளில் ஆள் நடமாட்டம். கீழே கடை, மேலே தையல்காரரோ கணக்காளரோ நகைப் பட்டறையோ வேலையாட்கள் தங்கும் அறையோ. இரவில் ஒரு விளக்கு எரிகிற வீட்டில் கூரை ஒழுகினால் மறுநாளே தெரிந்துவிடும். தெருவில் நடைபாதை அகலமாக்குவது, மரம் நடுவது பற்றிக் கூட்டம் போடும்போது நாட்டாமைமாரையும் அழையுங்கள். லொறி இறக்கும் நேரத்தை மாற்றாமல் வீதியை மறித்தால் முதல் நாளே அவர்களுடைய கூலி போகும். இரண்டாம் நாள் உங்கள் திட்டம் போகும்.

கோயில்களையும் பள்ளிவாசல்களையும் விட்டுவிடக் கூடாது. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலை அதன் ஜமாஅத்தே பராமரித்து, 1975இல் பக்கத்துக் காணிகளையும் வாங்கி விரிவாக்கியது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை திருப்பணியும் கும்பாபிஷேகமும் என்ற வழக்கத்தைவிட நல்ல பராமரிப்புத் திட்டத்தை எந்த நிபுணரும் எழுதித் தரப்போவதில்லை. கெடுதலும் அதே வழியால்தான் வருகிறது. திருப்பணி என்ற பெயரில் பழைய சுதை வேலையை உடைத்துச் சீமெந்தில் வார்க்கிறார்கள், கருங்கல்லுக்கு எனாமல் பூசுகிறார்கள், தரைக்கு வழுக்கும் ஓடு பதிக்கிறார்கள். உங்கள் கோயிலில் திருப்பணிச் சபை கூடும்போது போய் உட்காருங்கள். எதைப் புதிதாகச் செய்வது என்ற பட்டியல் வாசிக்கப்படும். எதில் கைவைக்கக் கூடாது என்று இன்னொரு பட்டியலையும் அந்தக் கூட்டத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

காப்பாற்ற முடியாமல் போனால்

சில கட்டடங்கள் போய்த்தான் விடும். இடிப்பு நாள் தெரிந்தவுடன் உள்ளே போக அனுமதி கேளுங்கள். அந்த நேரத்தில் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. அளவுநாடா பிடிக்க இன்னொருவரைக் கூட்டிப் போங்கள். தரைப்படம், ஒரு குறுக்குவெட்டு, முகப்பு, கதவு நிலைகள், படிக்கட்டின் கைப்பிடி எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள். வார்ப்பிரும்புத் தூண் இருந்தால் அதில் வார்ப்பாலையின் பெயர் பொறித்திருக்கிறதா என்று அடிப்பாகத்தைத் துடைத்துப் பாருங்கள். பழைய கணக்கப்பிள்ளை, பக்கத்துக் கடைக்காரர், மாடியில் பிறந்து வளர்ந்தவர் என்று இருப்பவர்களின் பேச்சைப் பதிவு செய்யுங்கள். ஒரு பிரதியைப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றுக்குக் கொடுங்கள். கைபேசியில் மட்டும் வைத்திருந்தால் அது பதிவு ஆகாது.

பிறகு இடிக்கும் ஒப்பந்தக்காரரிடம் பேசுங்கள். தேக்கும் இரும்பும் அவருக்கு லாபம், அவற்றை விடமாட்டார். ஓட்டைப் பெரிதாக மதிக்கமாட்டார். அதை விலை பேசி எடுத்துவிடுங்கள். கள்ளிக்கோட்டை ஓட்டின் அடிப்பக்கத்தில் செய்த ஆலையின் முத்திரை இருக்கும். ஆலைக்கு ஆலை அளவும் வரிப்பும் சற்று வேறுபடும், ஒரே முத்திரை ஓடுகள்தான் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பூட்டும். கூரையிலிருந்து இறக்கும்போதே முத்திரை வாரியாகப் பிரித்து, நட்டுக்கு நிறுத்தி அடுக்கச் சொல்லுங்கள். படுக்கையாக அடுக்கினால் அடியில் உள்ளவை பாரத்தில் உடைந்துபோகும்.